கோடு கூடினால் வர்ணம் நிற்கும்

ஜனவரி மாதம் பிறந்துவிட்டால் நந்தனத்துக்கு ஒரு தனிக் களை வந்துவிடுகிறது. 1977-ஆம் ஆண்டில் அண்ணா சாலையில் ஒரு பள்ளிக்கூட வளாகத்தில் எளிய முறையில் ஆரம்பமான சென்னைப் புத்தகக் காட்சி, சமீப வருஷங்களாக இங்குள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி மைதானத்தில் பந்தல் போட்டு வருகிறது. ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பெரியவர்கள் விலையைப் பார்க்கிறார்கள்; வாலிபர்கள் ஆசிரியர் பெயரைப் பார்க்கிறார்கள்; குழந்தைகள் மட்டும் முதலில் எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்க்கிறார்கள். அதாவது, அட்டைப் படத்தை!

அட்டையில் ஒரு கிளி உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணைப் பறிக்கும் பச்சை. மூக்கு நல்ல சிவப்பு. வர்ணம் எங்கும் கோட்டைத் தாண்டவில்லை. "இதற்கு வர்ணம் தீட்டினது யார், அப்பா?" என்று குழந்தை கேட்டால் தகப்பனார் என்ன சொல்லுவார்? "கம்ப்யூட்டர்தான், கண்ணே! ஒரு பொத்தானை அமுக்கினால் ஆகிவிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவார்.

இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. வர்ணத்தை ஊற்றுவது யந்திரந்தான். ஆனால், எந்த எல்லைக்குள் ஊற்ற வேண்டும் என்பதை ஒரு மனிதர் போட்ட கோடு சொல்ல வேண்டியிருக்கிறது. பாதி உண்மையோடு நின்றுவிட்டவர்கள்தான் பள்ளிக்கூடத்தில் எங்களிடம் வந்து, "வர்ணம், சித்திரம் எல்லாவற்றையும் யந்திரம் பார்த்துக்கொள்ளும்போது குழந்தைகளுக்குச் சித்திர வகுப்பு எதற்கு? அந்த நேரத்தில் இன்னும் நாலு கணக்குப் போடட்டுமே!" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், அந்த யந்திரத்துக்குள்ளே வர்ணம் எப்படி நிற்கிறது என்று கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

கல்லும் துத்தநாகமும்

கோட்டையும் வர்ணத்தையும் வேறு வேறாகப் பிரித்து வைப்பது கம்ப்யூட்டர் கண்டுபிடித்த வித்தை அல்ல. அது அச்சுக்கூடத்தின் பழைய வித்தை. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சுக்கூடம் ஆரம்பித்து, லக்ஷ்மியையும் ஸரஸ்வதியையும் வீடுதோறும் கொண்டு சேர்த்தபோது, ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒவ்வொரு கல் வேண்டியிருந்தது. ஒரே காகிதம் திரும்பத் திரும்ப யந்திரத்தில் நுழைந்து, ஒவ்வொரு தடவையும் ஒரு வர்ணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தது. ஒரு கல் மயிரிழை நகர்ந்துவிட்டால் தேவியின் உதட்டுச் சிவப்பு மோவாய்க்கு இறங்கிவிடும்! பின்னாளில் கோவிற்பட்டிக் கொண்டையராஜுவின் தெய்வப் படங்களைக் காலண்டர்களாக அச்சிட்ட சிவகாசி அச்சுக்கூடங்களுக்கும் வர்ணங்களைப் பொருத்துவதுதான் பெரிய காரியமாக இருந்தது.

வாரப் பத்திரிகைகளின் உட்பக்கங்களில் வர்ணத்துக்கு இடமே இல்லாத காலமும் இருந்தது. மாலி, சில்பி, கோபுலு முதலியவர்கள் பேனாவும் மையும் கொண்டு தீட்டிய கோட்டுச் சித்திரங்களைத் துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து பிளாக் செய்தார்கள். 1950-ல் 'பொன்னியின் செல்வன்' தொடர்கதையாக வெளிவரத் தொடங்கியபோது அதற்குப் படம் போட்ட மணியமும் கோட்டின் பலத்தாலேயே சோழ நாட்டைக் கண்முன் நிறுத்தினார். வந்தியத்தேவனுடைய குதிரை என்ன நிறம் என்று கேட்டு யாரும் கதையை நிறுத்தவில்லை. அந்தக் கோடுகள் அவ்வளவு நிறைவாக இருந்தன.

கோடு ஒரு தகட்டிலும், வர்ணம் ஒரு தகட்டிலும் இருந்த அந்த ஏற்பாட்டைத்தான் இன்றைய மென்பொருள்கள் 'லேயர்' என்ற பெயரில் கண்ணாடித் தாள்களாக அடுக்கி வைத்துக்கொண்டிருக்கின்றன. போட்டோஷாப் என்னும் மென்பொருள் 1990-ல் விற்பனைக்கு வந்தது. அதில் இந்த லேயர் வசதி 1994-ல்தான் சேர்ந்தது. மேலே ஒரு தாளில் கோடு. அடியில் ஒரு தாளில் வர்ணம். கிளியின் பச்சை பிடிக்காவிட்டால் கீழ்த்தாளை மட்டும் மாற்றலாம். மேலே உள்ள கோடு அப்படியே இருக்கும்.

கட்டமும் கட்டளையும்

கம்ப்யூட்டர் ஒரு படத்தை இரண்டு விதமாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் மற்ற எல்லாம் சுலபம்.

முதல் விதம், பாய் முடைவது போன்றது. படம் முழுவதையும் பொடிப்பொடிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன நிறம் என்று எழுதி வைத்துக்கொள்வது. அந்தக் கட்டத்துக்குப் பிக்ஸல் என்று பெயர். 5 அங்குல அகலமும் 7 அங்குல உயரமும் உள்ள ஓர் அட்டைப் படத்தை, அச்சுக்கு வழக்கமாகக் கேட்கிறபடி அங்குலத்துக்கு 300 கட்டம் என்று வைத்தால், 31,50,000 கட்டங்கள் ஆகின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகள் எவ்வளவு என்று 0 முதல் 255 வரை எண் போட்டு வைப்பது வழக்கம். இந்த மூன்று எண்களின் சேர்க்கையால் 1,67,77,216 நிறங்கள் கிடைக்கின்றன. நம் வீட்டுப் பெண்மணிகள் புடவைக் கடையில் கேட்கும் நிறம் அதிலும் இல்லாமற் போகலாம். அது வேறு விஷயம்!

இரண்டாவது விதத்தில் கட்டம் கிடையாது, கட்டளைதான் உண்டு. "இந்த இடத்தை மையமாகக் கொள், இவ்வளவு ஆரத்தில் வட்டம் போடு, உள்ளே மஞ்சள் நிரப்பு, ஓரத்துக்குக் கறுப்புக் கோடு கொடு" என்று ஒரே ஒரு வரி. வட்டம் நெல்லிக்காய் அளவானாலும் சரி, நந்தனம் மெட்ரோ நிலையத்தின் சுவர் அளவானாலும் சரி, கட்டளை ஒன்றேதான். முதல் விதத்துப் படத்தைப் பெரிதாக்கினால் கட்டங்கள் பல்லைக் காட்டும். இரண்டாவது விதத்துப் படம் எவ்வளவு பெரிதானாலும் விளிம்பு சுத்தமாக இருக்கும்.

நேர்க்கோடும் வட்டமும் சரி, கிளியின் கழுத்து வளைவுக்குக் கட்டளை எழுதுவது எப்படி? இதற்கு விடை மோட்டார்க் கார்த் தொழிற்சாலையிலிருந்து வந்தது. பிரான்ஸ் தேசத்தில் 1959-ல் ஸிட்ரோயன் கம்பெனியில் தெ காஸ்தெல்ஜோ என்பவரும், பிறகு ரெனோ கம்பெனியில் பெஸியே என்பவரும், காரின் வளைவுகளை எண்களால் எழுதுவதற்கு ஒரு கணக்கு முறையை வகுத்தார்கள். இரண்டு முனைப் புள்ளிகள். அவற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் பிடிக்க இரண்டு பிடிகள். பிடியை நகர்த்தினால் வளைவும் நாணலைப்போல் வளைந்துகொடுக்கும். இன்று கம்ப்யூட்டரில் நாம் படிக்கும் தமிழ் எழுத்துக்களும் இப்படிப்பட்ட வளைவுகளால் ஆனவைதாம். 'அ' என்ற எழுத்து, கறுப்பு நிரப்பிய ஓர் உருவம். அதன் சுழிக்குள் மட்டும் வெண்மை விட்டிருக்கிறது.

திரையில் உருவத்தை வரைந்து, பிறகு அதையே திருத்தலாம் என்று முதலில் செய்து காட்டியவர் ஐவன் ஸதர்லண்ட். 1963-ல் அமெரிக்காவில் அவர் செய்த 'ஸ்கெட்ச்பேட்' என்ற ஏற்பாட்டில், ஒளிப் பேனாவால் திரையில் கோடு போடலாம். போட்ட கோட்டை இழுத்து மாற்றலாம். பத்து வருஷம் கழித்து 1973-ல் ரிச்சர்ட் ஷுப் என்பவர் ஸீராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் திரையில் வர்ணம் தீட்டும் 'சூப்பர்பெயிண்ட்'டை அமைத்தார். கோடு ஒரு வழியாகவும் வர்ணம் ஒரு வழியாகவும் வந்து, பிற்பாடுதான் கைகோத்துக்கொண்டன.

தாம்பரத்தில் நடந்த ஆராய்ச்சி

இவ்வளவு தூரம் பிரான்ஸுக்கும் அமெரிக்காவுக்கும் போய்வந்தோம். இனி வீட்டு வாசலுக்குத் திரும்புவோம். கட்டளையால் உருவத்தைச் சொல்லும் வித்தை நம் பாட்டிமார்களுக்குத் தெரியாததா? "15 புள்ளி, இடைப்புள்ளி, 8-ல் நிறுத்து" என்று ஒரு பாட்டி சொன்னால், அதைக் கேட்ட பெண், பாட்டி போட்ட கோலத்தைக் கண்ணால் பார்க்காமலே புள்ளி வைக்கத் தொடங்கிவிடுவாள். கையளவு தாளிலும் போடுவாள். மார்கழி விடியலில் வாசல் நிறையவும் போடுவாள். அளவு மாறினாலும் கோலம் மாறுவதில்லை.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியர்களாக இருந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடைய மனைவியார் ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து, கோலத்தைக் கம்ப்யூட்டர் சாஸ்திரத்தின் கண்கொண்டு ஆராய்ந்தார்கள். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் இலக்கணம் எழுதலாம் என்று அவர்கள் காட்டினார்கள். சிறு சிறு துண்டுகள் சில. அவற்றைச் சேர்க்கும் விதிகள் சில. விதியைத் திரும்பத் திரும்பப் பிரயோகித்தால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சிறிய கோலமும் பெரிய கோலமும் முடிவில்லாமல் பிறந்துகொண்டே வரும். அவர்களுடைய கட்டுரை 1974-ல் கம்ப்யூட்டர் சித்திரங்களைப் பற்றிய ஒரு சர்வதேசப் பத்திரிகையில் வெளியாயிற்று. போட்டோஷாப் பிறப்பதற்குப் பதினாறு வருஷத்துக்கு முன்பே, சென்னைக்குத் தெற்கே ஒரு கல்லூரியில், வாசற்கோலம் கம்ப்யூட்டருக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தது என்றால் நமக்குப் பெருமை இல்லாமற் போகுமா?

பெருமையோடு நிறுத்திக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. கோலம் தெரிந்த குழந்தைக்கு இந்த மென்பொருள்களின் உள் விஷயம் பாதி தெரிந்த மாதிரிதான். எப்படி என்று பார்ப்போம்.

ஒழுகும் வர்ணம்

கட்டப் படத்தில் வர்ணம் நிரப்பும் கருவிக்குப் பெயிண்ட் வாளியின் உருவத்தைக் கொடுத்திருக்கிறார்கள். பொருத்தமான உருவந்தான். கிளியின் இறக்கைக்குள் ஒரு கட்டத்தைத் தொட்டால், வாளியிலிருந்து வர்ணம் அந்தக் கட்டத்தில் விழுந்து, பக்கத்துக் கட்டத்துக்கு ஓடி, அதே நிறமாயிருந்தால் அதையும் நனைத்து, அடுத்ததற்கு ஓடுகிறது. கறுப்புக் கோடு குறுக்கிட்ட இடத்தில் நிற்கிறது. வயலில் பாயும் நீரும் வரப்பும் போலத்தான்.

வரப்பு உடைந்தால் என்ன ஆகும்? இறக்கையின் நுனியில் கோடு ஒரு பிக்ஸல் அளவு சேராமல் போனால் போதும். பச்சை வர்ணம் அந்தச் சந்தின் வழியாக வெளியே பாய்ந்து, வானம், மரம், பக்கம் எல்லாவற்றையும் நனைத்துவிடும். புதிதாகக் கற்கும் பிள்ளைகள் திரை முழுதும் பச்சையானதைக் கண்டு, "ஸார், கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டது!" என்று கத்துகிறார்கள். கம்ப்யூட்டருக்கு ஒன்றும் இல்லை. கோடு கூடவில்லை, அவ்வளவுதான். படத்தைப் பெரிதாக்கி, வரப்பு உடைந்த இடத்தைத் தேடிப் பிடித்து அடைத்துவிட்டால் வர்ணம் ஒழுங்காக நின்றுவிடும்.

கட்டளைப் படத்தில் வேறு மாதிரி. அங்கே கோடு சேராவிட்டாலும் வர்ணம் வெளியே ஓடுவதில்லை. ஆரம்ப முனைக்கும் கடைசி முனைக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நேர்க்கோட்டை யந்திரமே போட்டுக்கொண்டு அதுவரையில் நிரப்பிவிடும். வளைந்திருக்க வேண்டிய கிளியின் மார்பு, கத்தியால் சீவினதுபோல் நேராக வந்து நிற்கும். ஒன்று வெள்ளம், மற்றொன்று வெட்டு. இரண்டுக்கும் பரிகாரம் ஒன்றே: கோட்டின் இரண்டு முனைகளையும் கொண்டுவந்து கூட்டி வைப்பது. சிக்குக் கோலத்தில் தொடங்கிய இடத்துக்கே இழை திரும்பி வர வேண்டும் என்று பாட்டி கண்டிப்பாகச் சொல்லுவாளே, அதே விதி!

ஜிம்ப் என்னும் மென்பொருளில், சிறு சந்துகளை யந்திரமே ஊகித்து அடைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று 2019-ல் வந்தது. நல்ல உபகாரந்தான். ஆனால் கை தேர்ந்த சித்திரக்காரர்கள் முகத்தில் வெளிச்சம் விழும் பக்கத்தில் வேண்டுமென்றே கோட்டை விட்டுவிடுவதுண்டு. எது மறதி, எது வேண்டுமென்று விட்டது என்பது போட்டவருக்குத்தான் தெரியும்.

இன்னொரு சிறு சூட்சுமம். காகிதத்தில் மையால் போட்ட கோட்டை ஸ்கேன் செய்தால், அதன் ஓரங்கள் தனிக் கறுப்பாக இருப்பதில்லை. சாம்பல் நிறமாக மங்கி வெள்ளையில் கலக்கின்றன. வாளி அந்தச் சாம்பலைக் கண்டதும் நின்றுவிடும். பார்த்தால் கோட்டுக்கும் பச்சைக்கும் நடுவில் வெள்ளை விளிம்பு ஒன்று சுண்ணாம்புக் கறைபோல் தெரியும். விஷயம் தெரிந்தவர்கள், வர்ணம் நிரப்ப வேண்டிய இடத்தை ஓரிரு பிக்ஸல் விரித்து, கோட்டின் அடியில் வர்ணம் கொஞ்சம் நுழைந்திருக்கும்படி கீழ்த்தாளில் ஊற்றுவார்கள். மேல்தாளில் இருக்கும் கோடு அந்த விளிம்பை மறைத்துவிடும். வேட்டிக் கரையை மடித்துத் தைப்பதுபோன்ற காரியம் இது.

ஒற்றைப்படையும் இரட்டைப்படையும்

நேயர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு வேடிக்கையை இங்கே சொல்லவேண்டும். காகிதத்தில் ஒரு சிக்குக் கோலம் போடுங்கள். எத்தனை இழையானாலும் சரி, ஒவ்வோர் இழையும் தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். இப்போது இழைகள் ஒன்றையொன்று வெட்டிச் சிறிதும் பெரிதுமாகப் பல அறைகள் உண்டாகியிருக்கும். இவற்றுக்கு வர்ணம் தீட்ட வேண்டும். ஆனால், ஒரே கோட்டின் இரு பக்கத்திலும் உள்ள அறைகளுக்கு ஒரே வர்ணம் வரக்கூடாது. எத்தனை வர்ணம் வேண்டியிருக்கும்?

கோலம் எவ்வளவு சிக்கலானாலும் இரண்டே போதும். காகிதத்தின் வெண்மையை ஒன்றாகக் கணக்கிட்டால், ஒரே ஒரு வர்ணப் பென்சில் இருந்தால் போதும்! வழி இதுதான். ஏதாவது ஓர் அறையில் விரலை வைத்துக்கொண்டு, அங்கிருந்து கோலத்துக்கு வெளியே ஒரு நேர்க்கோடு போவதாகப் பாவித்துக்கொள்ளுங்கள். இழைகள் சந்திக்கும் முடிச்சின்மேல் அது படாமலும், இழையை உரசிக்கொண்டு போகாமலும் இருக்கட்டும். வெளியே போவதற்குள் அது இழையை எத்தனை தடவை தாண்டுகிறது என்று எண்ணுங்கள். ஒற்றைப்படையானால் வர்ணம், இரட்டைப்படையானால் வெள்ளை. ஓர் இழையைத் தாண்டினால் ஒற்றைப்படை இரட்டைப்படையாகும், இரட்டைப்படை ஒற்றைப்படையாகும். ஆகையால் கோட்டின் இரு பக்கத்திலும் ஒரே நிறம் வருவதற்கு வழியே இல்லை.

இங்க்ஸ்கேப் முதலிய மென்பொருள்களில் உருவத்துக்கு வர்ணம் நிரப்பும்போது யந்திரம் கையாளக்கூடிய இரண்டு விதிகளில் இது ஒன்று. கோடு எந்தத் திசையில் சுற்றி வருகிறது என்று பார்த்து நிரப்புவது மற்றொரு விதி. "உள்ளே ஓட்டை விழுந்துவிட்டதே, ஏன்?" என்று திகைக்கும் மாணவனுக்குக் கோலத்தில் ஒரு தடவை எண்ணிக் காட்டினால் போதும், பிறகு அவனுக்குத் திகைப்பே வராது. சித்திர வகுப்பு நேரத்தில் இன்னும் நாலு கணக்குப் போடலாமே என்று கேட்கும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். இதைவிட நல்ல கணக்கு எது?

திரையும் காகிதமும்

திரையில் பார்த்த பச்சை அச்சில் வரவில்லை என்று வருத்தப்படாத பத்திரிகைக்காரர் கிடையாது. இதற்கு அச்சுக்கூடத்தார்மேல் மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. திரையின் வர்ணம் ஒளி. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முழுதாகச் சேர்ந்தால் வெண்மையாகும். காகிதத்தின் வர்ணம் மை. நீலம், ஊதாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகள் சேரச் சேர வெளிச்சம் குறையும். விளக்கைப்போல் எரியும் கிளிப் பச்சையும் ஆரஞ்சும் திரையில் சாத்தியம், மையில் சாத்தியமல்ல. அச்சில் எப்படி வரும் என்று முன்கூட்டியே திரையில் மங்கலாக்கிக் காட்டும் வசதி இந்த மென்பொருள்களில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வர்ணத்தைத் தேர்ந்தெடுப்பவர் பிறகு ஏமாறுவதில்லை.

மூலம் யாரிடம் இருக்கிறது?

சென்னை மவுண்ட் ரோடில் ஒரு காலத்தில் ஆகாயத்தை மறைத்துக்கொண்டு நின்ற சினிமாப் பானர்கள் நேயர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஒரு சிறு புகைப்படத்தின்மேல் கட்டம் போட்டு, துணியிலும் பெரிய கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து அந்த முகங்களைத் தீட்டியவர்கள் சாதாரணத் திறமைசாலிகள் அல்லர். 2000-க்குப் பிறகு, கம்ப்யூட்டரிலிருந்து நேரே பிளாஸ்டிக் துணியில் அச்சாகும் பானர்கள் வந்து, அந்தத் தொழில் கண்ணெதிரே மறைந்துபோயிற்று. அவர்களிடம் கண் இருந்தது, கை இருந்தது, கோடு இருந்தது. புதுக் கருவி மட்டும் கைக்கு எட்டவில்லை. எத்தனை பேர் அந்தக் கருவியை வாங்கியிருக்க முடியும்? கற்றுக்கொடுக்கத்தான் யார் இருந்தார்கள்?

கருவியின் விலை இன்றும் சின்ன விஷயம் அல்ல. 2013-ஆம் ஆண்டு முதல் அடோபி கம்பெனியார் தங்கள் சித்திர மென்பொருள்களின் புதிய பதிப்புக்களை வாடகைக்கு விடும் முறைக்கு மாறினார்கள். வாடகை நின்றால் கருவியும் நின்றுவிடும். இதற்கு மாறாக, யாரும் விலை கொடுக்காமல் பெற்று, உள்ளே எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்து, வேண்டியபடி மாற்றிக்கொள்ளவும் உரிமையுள்ள மென்பொருள்கள் இருக்கின்றன. கலிபோர்னியாவில் ஸ்பென்ஸர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் ஆரம்பித்து 1996-ல் வெளியிட்ட ஜிம்ப், கட்டப் படத்துக்கு. அதன் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது. 2003-ல் பிறந்த இங்க்ஸ்கேப், கட்டளைப் படத்துக்கு. கையால் தீட்டுவதுபோல் திரையில் தீட்ட கிரிட்டா இருக்கிறது. ஜிம்ப்பின் பொத்தான்களுக்குத் தமிழ்ப் பெயர்கள் சூட்டியவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் 2011-ல் ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் லக்ஷக்கணக்கான மாணவர்கள் கையில் கம்ப்யூட்டர் கிடைத்தது. அப்படிப்பட்ட எளிய கம்ப்யூட்டரிலும் இந்த மென்பொருள்கள் ஓடும். அரசாங்கப் பள்ளிக்கூடத்துப் பையனும் தியாகராயநகர்ப் பணக்காரர் வீட்டுப் பையனும் ஒரே கருவியை எடுத்துக்கொண்டு உட்காரலாம் என்றால், அது சுதந்திர நாட்டில் நடக்க வேண்டிய காரியந்தானே?

கருவி நம்முடையதாக இருப்பதோடு, படத்தின் மூலமும் நம் கையில் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்தில் ஆண்டு மலருக்கு மாணவி ஒருத்தி அழகான அட்டைப் படம் வரைந்தாள். அச்சுக்குக் கொடுத்த இடத்தில் அதற்கு வர்ணம் தீட்டினார்கள். மறு வருஷம் அதே மயிலை வேறு வர்ணத்தில் போடலாம் என்று கேட்டபோது, கோடும் வர்ணமும் ஒன்றாக ஒட்டிப்போன தட்டைப் படம் ஒன்றைத்தான் கொடுத்தார்கள். லேயர்கள் உள்ள மூலத்துக்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள்! தோகையின் ஒரு கண்ணை மாற்ற வேண்டுமானாலும் முழுப் படத்தையும் மறுபடி வரைய வேண்டியதாயிற்று. அந்தப் பெண்ணின் கோடு அவளுக்கே திரும்பி வரவில்லை.

ஆகவே, யாரிடம் படம் கொடுத்து வாங்கினாலும், பார்ப்பதற்கான தட்டைப் படத்தோடு லேயர்கள் கலையாத மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். கட்டளைப் படமானால் எஸ்விஜி என்ற பொது வடிவத்தில் வாங்குங்கள். 2001-ல் உலகத் தரமாக ஏற்கப்பட்ட வடிவம் அது. எந்தக் கம்பெனியின் தயவும் இன்றித் திறக்கும். முன்னெல்லாம் அச்சுக்கூடத்தில் பிளாக்கைத் திருப்பி வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள் அல்லவா? அதே ஜாக்கிரதை இப்போதும் வேண்டும்.

இந்நாளில், வாயால் சொன்னாலே படம் செய்து தரும் யந்திரங்களும் வந்துவிட்டன. அவை தருவது பெரும்பாலும் கட்டப் படமே. அதில் தனியாக எடுத்துத் திருத்தக் கோடு இல்லை; கோடு போன்ற தோற்றம் இருக்கிறது. கிளியின் கால் விரல் ஒன்று கூடிப்போனால், அதைப் பிடித்து இழுக்கக் கணு ஒன்றும் அகப்படுவதில்லை. கோடு போடத் தெரிந்தவர்தான் அதைச் சரி செய்ய வேண்டியிருக்கிறது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

செல்போனில் குழந்தைகளுக்கான வர்ண விளையாட்டுக்கள் ஏராளமாக இருக்கின்றன. விரலால் தொட்டால் யானை நீலமாகிறது. மறுபடி தொட்டால் ரோஜாவாகிறது. குழந்தைக்கு ஆனந்தந்தான். ஆனால் அந்த யானையை யாரோ முன்பே வரைந்து, எல்லாக் கோட்டையும் கூட்டி வைத்துவிட்டார்கள். குழந்தைக்கு மிஞ்சியது தொடுவது மட்டுமே. வர்ணம் ஏன் காதுக்குள் நிற்கிறது, ஏன் தும்பிக்கைக்குப் பாயவில்லை என்ற கேள்வி அதற்குத் தோன்றவே இடமில்லை.

யந்திரம் வர்ணம் தீட்டும் சிரமத்தை வாங்கிக்கொண்டதனால் கோட்டின் மதிப்பு குறையவில்லை, ஏறியிருக்கிறது. முன்பு கோடு சுமாராக இருந்தால் வர்ணத்தைக் கொண்டு மறைக்கலாம். இப்போது வர்ணம் எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்கிறது. அதனால் ஒருவர் படத்துக்கும் மற்றொருவர் படத்துக்கும் உள்ள வித்தியாசம் கோட்டில்தான் இருக்கிறது. சித்திர வகுப்பை எடுத்துவிட்டால் நம் குழந்தைகள் அயலார் கோட்டுக்குள் வர்ணம் ஊற்றுகிறவர்களாகவே நின்றுவிடுவார்கள்.

அடுத்த விடுமுறையில் ஒரு காரியம் செய்து பாருங்கள். குழந்தையிடம் முதலில் ஒரு காகிதமும் பென்சிலும் கொடுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஐந்து புள்ளியில் ஒரு சிக்குக் கோலம் சொல்லச் சொல்லுங்கள். இழை தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்ததா என்று குழந்தையே விரலால் தடவிப் பார்க்கட்டும். ஒற்றைப்படை, இரட்டைப்படை எண்ணி ஒரே பென்சிலால் வர்ணம் தீட்டட்டும். அதற்குப் பிறகு அதே கோலத்தைக் கம்ப்யூட்டரில் இங்க்ஸ்கேப்பில் வரையச் சொல்லுங்கள். கணுவைப் பிடித்து இழுக்கவும், கோட்டைக் கூட்டவும், உள்ளே வர்ணம் நிரப்பவும் ஒரு மத்தியானம் போதும். குழந்தை சந்தேகம் கேட்டால் நீங்கள் கம்ப்யூட்டர் புத்தகத்தைத் தேட வேண்டாம். பாட்டியைக் கேட்கச் சொல்லுங்கள்.